பார்க்க வந்தவர்களின் கணக்கு

திண்டுக்கல்லிலிருந்து குமுளி போகும் சாலையில் கம்பம் நெருங்கினாலே திராட்சைத் தோட்டங்கள் கண்ணில் படத் தொடங்கிவிடும். சுருளிப்பட்டி, கூடலூர் பக்கமெல்லாம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். சாலையை ஒட்டிய சில தோட்டங்களின் வாசலில் பார்வையாளர்களை வரவேற்றுத் தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைத்திருப்பார்கள். வண்டிகள் நிற்கும். பந்தலுக்குக் கீழே பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ இருந்துவிட்டு, குலையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, சிலர் பழமும் சாறும் வாங்கிக்கொண்டு, சிலர் எதுவும் வாங்காமல் கிளம்பிப் போவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று ரூபாயில் கணித்துச் சொல்வதுதான் என் தொழிலின் பெரும்பகுதி.

வேளாண் பொருளியல் படித்தவர்களுக்குச் சாகுபடிச் செலவு தெரியும், மகசூல் தெரியும், சந்தை விலை தெரியும். ஏக்கருக்கு இவ்வளவு போட்டு இவ்வளவு எடுத்தோம் என்பதுதான் எங்கள் பாடம். வங்கியும் அதைத்தான் கேட்கும், வேளாண் அலுவலகமும் அதைத்தான் கேட்கும். தோட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போன குடும்பம் எந்தப் பேரேட்டிலும் வராது. விற்காத ஒன்றுக்கு விலை கிடையாது, விலை இல்லாததற்கு வரவு எழுத முடியாது என்பது கணக்குப்பிள்ளையின் நியாயம். ஆனால் கோட்டயத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மலை ஏறி இறங்கி வந்து பந்தலுக்குள் நிற்கிறவர்களைப் பார்த்த பிறகு, அந்த நியாயம் போதாது என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு ஒரு வழி சொன்னவர் ஹரோல்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். தேசியப் பூங்காக்களால் மக்களுக்குக் கிடைக்கும் பயனை எப்படி அளப்பது என்று அந்நாட்டுப் பூங்காத் துறை கேட்டபோது, 1947இல் அவர் ஒரு கடிதம் எழுதினார். பூங்காவைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் எத்தனை பேர் வருகிறார்கள், வந்துசேர எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். அந்தச் செலவுதான் அவர்கள் கொடுக்கும் விலை. இதுதான் அதன் சாரம். 1959இல் மரியன் கிளாசன் என்ற பொருளியலாளர் யோசெமிட்டி போன்ற பூங்காக்களை வைத்து இதைச் செய்து காட்டினார். பயணச் செலவு முறை என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான்.

கம்பத்துக்கு இதைப் பொருத்திச் சொல்கிறேன். தேனியிலிருந்து வருகிற குடும்பத்துக்கு வழிச்செலவு 300 ரூபாய், மதுரைக் குடும்பத்துக்கு 1,000, கொச்சிக் குடும்பத்துக்கு 2,000 என்று வைத்துக்கொள்வோம். ரசனையும் வருமானமும் மூவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கொச்சிக்காரர் 2,000 ரூபாய் செலவழித்தும் வருகிறார் என்றால் அவருக்கு அந்த இடம் அவ்வளவாவது பெறும். அதே ரசனையுள்ள தேனிக்காரருக்கும் அவ்வளவு பெறும்; ஆனால் அவர் 300தான் கொடுத்தார். மிச்சம் 1,700 ரூபாய் அவருக்குக் கிடைத்த உபரி இன்பம். இப்படி ஒவ்வோர் ஊருக்கும் கண்டு கூட்டினால் வருவதே அந்த இடத்தின் பொழுதுபோக்கு மதிப்பு. தூரம் கூடக்கூட வருகை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான் இதற்குத் திறவுகோல்.

வட்டம் போடுவதற்கு நான் நம்பியது வண்டிகளின் நம்பர் பிளேட்டை. தோட்ட வாசலில் நோட்டோடு உட்கார்ந்தால் முதலில் எழுதுவது அதைத்தான். டிஎன் 60 தேனி, 58ம் 59ம் மதுரை, 57 திண்டுக்கல். கேஎல் 05 கோட்டயம், 06 இடுக்கி, 07 எறணாகுளம். ஒரு வார நோட்டைப் புரட்டினாலே யார் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். கேரளத்தில் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களிலும் ஓணத்திலும் கேஎல் எழுதி எழுதியே பக்கம் நிறையும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் வண்டிகள். கூட்டம் மிகும் நாட்களில் மலைக்குப் போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்புகிறவர்களைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அதனால் கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் நிற்பது பெரும்பாலும் தரிசனம் முடித்து வீட்டுக்குத் திரும்புகிற வண்டிகள். கையில் மிச்சமிருக்கும் காசு, வீட்டுக்கு எதையாவது வாங்கிப் போகவேண்டும் என்ற நினைப்பு எல்லாமே அப்போது வேறு மாதிரி இருக்கும். அந்த மாதங்களின் கணக்கைத் தனியாகத்தான் வைக்கவேண்டும்.

பிளேட்டை மட்டும் நம்பினால் ஆபத்தும் உண்டு. டெல்லியிலிருந்து கொச்சிக்கு விமானத்தில் வந்தவர் கேஎல் 07 டாக்சியில் வந்து இறங்குவார். தேக்கடி விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் குமுளி ஜீப்பில் வருவார். ஆகவே பிளேட்டை எழுதிய பிறகு ஆளிடமும் கேட்கவேண்டும்: இன்று காலை எங்கே கிளம்பினீர்கள், வீடு எங்கே, வண்டி சொந்தமா வாடகையா, டீசல் யார் போட்டார்கள். கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு வேனில் பதினைந்து பேர் வந்திருப்பார்கள்; மொத்தச் செலவும் ஒரு சித்தப்பாவுடையதாக இருக்கும். தலைக்கு வகுத்து எழுதினால் காசு கொடுக்காத பதினான்கு பேரை விலை கொடுத்தவர்களாகக் காட்டிவிடுவோம். என் கணக்கில் அலகு தனி ஆள் அல்ல, ஒரே மடியிலிருந்து செலவழிக்கிற குடும்பம். மேலைநாட்டுப் படிவங்களை அப்படியே எடுத்துவந்து ஆளுக்கு ஒன்றாக நிரப்புகிறவர்களோடு இந்த விஷயத்தில் நான் விடாமல் வாதாடியிருக்கிறேன்.

கேட்கும் நேரமும் இடமும் உண்டு. உள்ளே போகிறவரைப் பிடித்தால் பதில் கிடைக்காது. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்து வண்டியில் ஏறும்முன் கேட்கவேண்டும். தோட்டக்காரர் காதில் விழும் தூரத்தில் கேட்கவே கூடாது. அவர் முன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். வாடகை வண்டியானால் டிரைவரிடமும் தனியாகப் பேசவேண்டும். எத்தனை கிலோமீட்டர், டீசல் எவ்வளவு என்று அவர் மனப்பாடமாகச் சொல்வார்.

நேரத்துக்கு விலை வைப்பதுதான் அடுத்த சிக்கல். வழியில் நான்கு மணி நேரம் போனால் அதுவும் செலவுதானே? சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிடுவது எங்கள் துறையில் நெடுநாளைய வழக்கம். ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியருக்கும், ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு வருகிற வியாபாரிக்கும், நாள்கூலிக்கும் அதே பங்கு எப்படிப் பொருந்தும்? மேலும் குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் மலைப்பாதை இருக்கிறதே, அதுவே ஒரு காட்சி. பெரியாற்று நீரைக் கீழே மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்கள், அதற்கப்பால் பச்சைப் பாய் விரித்த பள்ளத்தாக்கு. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிறவர்களிடம் இந்த நேரம் உங்களுக்குச் செலவா வரவா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அதனால் நேரத்துக்கு ஒன்றுமில்லை, மூன்றில் ஒரு பங்கு, முழுச் சம்பளம் என்று மூன்று விதமாகவும் போட்டு மூன்று விடைகளையும் அறிக்கையில் எழுதுகிறேன். ஒரே எண்ணைக் கேட்கிற அதிகாரிகளுக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் விடை இந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதுதான் உண்மை.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், திராட்சைத் தோட்டம் பார்க்க மட்டும் என்று யாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை என்பது. தேக்கடிப் படகு, சுருளி அருவி, வீரபாண்டி கோயில், மசாலாக் கடைகள், எல்லாவற்றுக்கும் நடுவே திராட்சைத் தோட்டம். மொத்தப் பயணச் செலவையும் தோட்டத்தின் தலையில் ஏற்றினால் பொய். ஒன்றுமே ஏற்றாமல் விட்டாலும் பொய். நூற்றுக்கு எத்தனை பங்கு இதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. சதவீதத்தில் யாரும் ஊர் சுற்றுவதில்லை.

இங்கே எனக்குக் கைகொடுத்தது புளியங்கொட்டை. கிராமங்களில் மக்களோடு உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் பல காலமாகக் கையாளும் வழி இது. அட்டையில் அன்று பார்த்த இடங்களின் படத்தை வரிசையாக வைத்து, இருபது கொட்டைகளைக் கையில் கொடுப்பேன். எந்த இடம் உங்களை எவ்வளவு இழுத்ததோ அதற்கேற்பப் பிரித்து வையுங்கள் என்பேன். சதவீதத்துக்கு விழித்தவர்கள் கொட்டையைக் கையில் வாங்கியதும் குடும்பமாகக் கூடிவிடுவார்கள். எறணாகுளத்திலிருந்து வந்த ஓர் அம்மா படகுக்குப் பன்னிரண்டு, தோட்டத்துக்கு மூன்று என்று வைத்தார். அவருடைய சின்ன மகள் ஒன்றும் பேசாமல் படகிலிருந்து ஐந்து கொட்டைகளை எடுத்துத் தோட்டத்துப் படத்தின் மேல் வைத்தாள். "யானையைத் தூரத்துலதான பாத்தோம், இது கைக்கிட்ட இருக்கு" என்று அவள் அப்பா எனக்காகத் தமிழில் சொன்னார். அம்மா மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் கணக்கில் எட்டுக் கொட்டை தோட்டத்துக்கு என்றே எழுதினேன்.

கைக்கிட்ட என்ற அந்தச் சொல்லில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. பந்தல் தலைக்கு மேல் இருக்கிறது, குலை முகத்துக்கு நேரே தொங்குகிறது, உள்ளே நிழல். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு இன்னொரு பலமும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு நேரத்தில் கவாத்து செய்வதால் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். பார்வையாளர் வரும் தோட்டக்காரர் ஒருவர் தன் பந்தலையே பாகம் பிரித்து முன்னும் பின்னுமாகக் கவாத்து செய்வதைப் பார்த்தேன். வெறும் இலையைக் காட்டி வண்டியை நிறுத்த முடியாது என்றார். அதனால் வரும் கூடுதல் ஆள்கூலியும், ஒரே வெட்டாக வியாபாரிக்குக் கொடுக்க முடியாத நட்டமும் அவருடையவை.

நுழைவுக் கட்டணம் வைத்தால் கொடுப்பீர்களா என்று நேரடியாகவே கேட்கும் முறையும் இருக்கிறது. நம் ஊரில் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டால் அது பேரமாகிவிடும். மனத்தில் ஐம்பது இருந்தால் வாய் இருபது சொல்லும். அதனால் ஒருவருக்கு 20, ஒருவருக்கு 50, ஒருவருக்கு 100 என்று வெவ்வேறு தொகையைச் சொல்லி, ஆம், இல்லை என்று மட்டும் பதில் வாங்குவேன். கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ஆகியோர் தலைமையிலான அமெரிக்க நிபுணர் குழு 1993இல் பரிந்துரைத்ததும் இந்த வடிவத்தைத்தான். விவசாயி தோட்டத்தைப் பார்க்கக் காசா என்று கோபப்படுகிறவர்களைத் தனியாகக் குறிக்கவேண்டும். அவர்கள் சொல்லும் பூச்சியம், பிடிக்காததால் வந்த பூச்சியம் அல்ல.

களத்திலிருந்து திரும்பியதும் ஒரு திருத்தம் செய்யாமல் கணக்கைத் தொடக்கூடாது. வாசலில் நின்று எடுக்கும் கணக்கில் அடிக்கடி வருகிறவர்தான் அதிகம் சிக்குவார். ஆண்டுக்குப் பத்து முறை வருகிற உத்தமபாளையத்துக்காரர் என் நோட்டில் விழும் வாய்ப்பு, ஒரே முறை வருகிறவரைப் போலப் பத்து மடங்கு. வராமலே இருந்தவர்களை நான் பார்க்கவே இல்லை. இவற்றுக்குப் புள்ளியியலில் திருத்தம் உண்டு. அதைச் செய்யாமல் போட்ட கணக்கு மதிப்பை ஊதிக் காட்டும். திருத்திய பிறகு கிடைப்பது ஒரு சிறிய கெழு. பயணச் செலவு ஒரு ரூபாய் கூடினால் வருகை எந்த விகிதத்தில் குறையும் என்பதே அது. எடுத்துக்காட்டாக அது 0.002 என்றால், ஒன்றை அதால் வகுக்க வரும் 500 ரூபாய்தான் ஒரு வருகையின் உபரி இன்பம். மாதக்கணக்கில் வெயிலில் நின்றதெல்லாம் அந்த ஒரு கெழுவுக்காகத்தான்.

இந்த எடுத்துக்காட்டைச் சொல்லி விளக்கியபோது கூடலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏந்தம்பி, வர்ற குடும்பத்துக்கு ஐநூறு ரூவா சந்தோசம்ங்குறீக. அந்த ஐநூறு எங்க இருக்கு? எங்கிட்ட வரலையே."

"அவங்ககிட்டயே இருக்குய்யா. செலவழிக்கத் தயாரா இருந்து, செலவழிக்காம வீட்டுக்குக் கொண்டுபோன பணம் அது."

"அப்ப நாளைக்கே வாசல்ல அம்பது ரூவா டிக்கெட் போட்டுர்றேன்."

"நீங்க மட்டும் போட்டா வண்டி அடுத்த தோட்டத்துல போய் நிக்கும்யா."

அவர் கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுஞ்சரிதான். பழம் வாங்குறவுகளும் அங்கிட்டே போயிருவாக" என்றார்.

நான் இந்தத் தொழிலில் கற்றதிலேயே முக்கியமானது இந்த உரையாடலில்தான் இருக்கிறது. ஒரு தோட்டம் மட்டும் கதவை மூடினால் பார்வையாளருக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. இருநூறு மீட்டர் தள்ளி இன்னொரு பந்தல். ஆனால் எல்லாத் தோட்டமும் மூடினால் கோட்டயத்திலிருந்து கம்பம் பக்கம் இறங்கவே காரணம் குறைந்துவிடும். மதிப்பு தனித்தனிப் பந்தலில் இல்லை, பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதனால்தான் எந்த ஒரு விவசாயியாலும் அதைத் தனியாக வசூலிக்க முடிவதில்லை. தோட்டத்தைக் காட்டுகிறோம் என்று ஜீப்புக்கும் சுற்றுலாத் தொகுப்புக்கும் காசு வாங்குகிறவர்களிடம் அந்த மதிப்பில் ஒரு பகுதி போய்ச் சேர்கிறது. பந்தலுக்குச் சொந்தக்காரருக்கு மிஞ்சுவது பழம் விற்ற காசும், மிதிபட்ட வாய்க்காலும், பொறுக்கவேண்டிய தண்ணீர் பாட்டில்களும்.

செலவுப் பக்கத்தை யாரும் சரியாக எழுதுவதில்லை. மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து அடித்தால், குறிப்பிட்ட நாள் கழியும்வரை அந்தப் பழத்தைத் தின்னக்கூடாது. பார்க்க வந்த பிள்ளை அதை அறியுமா? கயிறு கட்டி மறிக்கவேண்டும், ஓர் ஆளை நிறுத்தவேண்டும், அறுவடை நெருங்கிய பாகத்தை மட்டும் திறந்துவிடவேண்டும். கை பட்ட குலையின் மேற்பூச்சு அழிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். இவற்றை எல்லாம் கழிக்காமல் பார்வையாளர் வருகை விவசாயிக்கு லாபம் என்று பேசுவது தவறு.

தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் இதே கதை இன்னும் கூர்மையாக நடக்கிறது. 1992இல் 'ரோஜா' படம் எடுத்த ஊர். குற்றாலச் சீசனை ஒட்டி சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். அங்கே வாசலும் இல்லை, பந்தலும் இல்லை; திறந்த புஞ்சை. வரப்பில் நின்று பார்க்கிறவர்கள் பாதிப் பேர், படத்துக்காக உள்ளே இறங்குகிறவர்கள் பாதிப் பேர். தண்டு முறிந்தால் அந்தப் பூவில் விதை இல்லை. சில விவசாயிகள் படம் எடுக்கச் சிறு தொகை வாங்கத் தொடங்கினார்கள். அது பேராசை என்று சிலர் முகம் சுளித்ததைக் கேட்டேன். எனக்கு அது நியாயமாகவே பட்டது. விதைக்கு விலை கட்டுப்படியாகாவிட்டால் அடுத்த ஆண்டு அந்தப் புஞ்சையில் வேறு பயிர் நிற்கும். மக்காச்சோளம் பார்க்கக் கொல்லத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

மகாராஷ்டிரத்தில் பாராமதி வட்டாரத்து விவசாயிகள் வேறு வழியில் போனார்கள். சாப்பாடு, மாட்டுவண்டி, தங்கல் என்று ஒரு நாள் கட்டணம் வைத்து விருந்தினரை அழைத்தார்கள். 2020இல் அந்த மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. இத்தாலியில் 1985லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விதி, விவசாயம் முதன்மைத் தொழிலாக நீடிக்கவேண்டும் என்பது. விருந்தினருக்காகவே நடத்தும் தோட்டம் பூங்காவாகிவிடும். கம்பத்துக்கு வருகிறவர்கள் தேடிவருவது பூங்காவை அல்ல. கவாத்துக் கத்தரியோடு ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும் தோட்டத்தை.

கம்பம் பள்ளத்தாக்குத் தோட்டக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டே. வாசலில் ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்தும் இரண்டு இலக்கமும், எத்தனை பேர், எவ்வளவு பழம் வாங்கினார்கள், மிதிபட்டும் பறிபட்டும் போனது எவ்வளவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே எழுதிவிடும். இரண்டாவது, கட்டணம் வைப்பதானால் எல்லோரும் சேர்ந்து ஒரே தொகையாக வையுங்கள். அந்தத் தொகைக்குப் பழமோ சாறோ கழித்துக் கொடுங்கள். ஓர் ஆண்டு நோட்டை எல்லாத் தோட்டமும் சேர்த்துக் கொண்டுவந்தால், வண்டி நிறுத்த இடத்துக்கும் கழிப்பறைக்கும் மாவட்ட நிர்வாகத்திடம் எந்தக் கணக்கைக் காட்டிக் கேட்கலாம் என்பதை உட்கார்ந்து எழுதித் தர நான் தயார்.